பட்ஜெற், வரவு செலவுத் திட்டம், பாதீடு: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

ஆங்கிலத்திலே ‘பட்ஜெற்’ என வழங்கும் சொல்லுக்குத் தமிழில் நிலைபெற்றுள்ள சொல் ஒன்றன்று. இலங்கையின் அரச ஆவணங்களில் அது ‘வரவு செலவுத் திட்டம்’. யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்களிலும் உள்ளூராட்சிச் சபைகளின் நடவடிக்கைகளிலும் அது பெரும்பாலும் ‘பாதீடு’. தமிழ்நாட்டு அரசின் ஏடுகளில் ‘நிதிநிலை அறிக்கை’. மக்களின் பேச்சிலோ கடலின் இருகரைகளிலும் அது ‘பட்ஜெற்’ அல்லது ‘பட்ஜெட்’ தான். ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் இருத்தல் மொழிக்குப் புதிதன்று. ஆயின், இச்சொற்கள் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா, அன்றி ஒரு பொருளின் வெவ்வேறு பக்கங்களைக் குறிக்கின்றனவா என்பது ஆராயத்தக்கது. அரசு தமது பெயரால் ஈட்டுவதையும் செலவிடுவதையும் மக்கள் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பது, அவ்வினைக்கு அவர்கள் வழங்கும் பெயரோடு தொடர்புடையது. ஆதலின் இது வெறும் கலைச்சொல் விவகாரமன்று.

முதலில் ஆங்கிலச் சொல்லை நோக்குவோம். பழைய பிரெஞ்சு மொழியிலே ‘பூஜெற்’ என்பது சிறு தோற்பையைக் குறித்தது. ‘பூஜ்’ என்னும் பைக்கு அது சிறுமைப் பெயர். அதற்கும் முற்பட்டது இலத்தீனில் வழங்கிய ‘புல்கா’. கோல் மக்களின் மொழியிலிருந்து இலத்தீனுக்குள் வந்த சொல் அது என்பர். பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்தபோதும் அதன் பொருள் பையாகவே இருந்தது. நம்மூர் முதியோர் பனையோலையால் இழைத்து இடுப்பிற் செருகிவைத்திருந்த கொட்டைப்பெட்டியை எண்ணிக்கொண்டால் அதன் அளவும் பயனும் ஒருவாறு விளங்கும்.

பையைக் குறித்த சொல் நாட்டின் நிதி ஏற்பாட்டைக் குறிக்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டிலே. நிதியமைச்சர் தமது ஆவணப்பையைத் திறந்து பாராளுமன்றத்தின் முன் யோசனைகளை வைப்பதைப் ‘பையைத் திறத்தல்’ என்றனர். இவ்வழக்கின் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று புகழுரையன்று, வசையுரை என்பது சுவையானது. 1733ஆம் ஆண்டிலே சேர் றொபேட் வோல்போல் கொண்டுவர முயன்ற மதுவரி, புகையிலை வரித் திட்டத்தை எதிர்த்து ‘பை திறக்கப்பட்டது’ எனும் கருத்துடைய தலைப்பில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. அதில் வோல்போல், சந்தையிலே தன் மருந்துப் பையைத் திறந்து எந்நோய்க்கும் மருந்துண்டு எனக் கூவும் போலி வைத்தியனாகச் சித்திரிக்கப்பட்டார். எதிர்ப்பு வலுக்கவே அத்திட்டம் கைவிடப்பட்டது. அரசியலிற் புகுந்த நாளிலேயே இச்சொல் ஐயத்தையும் ஏளனத்தையும் உடன்கொண்டே புகுந்தது.

பணத்தை முடிந்துவைக்கும் பொருளின் பெயர் பணத்தின் ஏற்பாட்டுக்கு ஆகிவருதல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. கௌடலியரின் அர்த்தசாஸ்திரம் அரசிறைக் கணக்கை ஆயம், வியயம், நீவி என மூன்றாக வகுக்கின்றது. ஆயம் வருவாய், வியயம் செலவு, நீவி எஞ்சிநிற்கும் இருப்பு. நீவி என்ற வடசொல்லுக்கு இடுப்பு உடையின் முடிச்சு என்ற பொருளும் உண்டு. சிங்களத்தார் இன்று வழங்கும் ‘அயவெய’ என்பது இம்மூன்றில் முதலிரண்டும் இணைந்து உருவானது. அது சுருக்கமான சொல். ஆயினும் அதில் வரவும் செலவும் உள்ளனவேயன்றித் ‘திட்டம்’ என்ற கருத்து இல்லை. தமிழ்த் தொடர் நீளமானதாயினும் அக்கருத்தை வெளிப்படக் கூறுகின்றது.

‘வரவு செலவுத் திட்டம்’ என்னும் தொடரின் அமைப்பைச் சிறிது பிரித்துக் காண்போம். வரவு, செலவு என்ற இரண்டும் வா, செல் என்னும் வினைகளடியாகப் பிறந்தவை. வருவதும் போவதும் என்பதே அடிப்படைக் கருத்து. வள்ளுவரும் வருவாயையும் செலவையும் இத்தகைய இயக்கமாகவே கண்டார். வலியறிதல் அதிகாரத்திலே ஆகாறு, போகாறு என அவர் ஆளும் சொற்கள் நீர்வரும் வழி, நீர்போகும் வழி என்ற உருவகத்தை உள்ளடக்கியவை. வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது அங்கு அவர் கூறுவதன் சாரம். ‘திட்டம்’ என்ற சொல் பழைய வழக்கிலே துல்லியம், நிச்சயம், ஒழுங்கு என்ற பொருள்களைத் தந்தது. ‘திட்டமாகச் சொல்லுதல்’ என நாம் இன்றும் கூறுவதுண்டு. பின்னரே அது முன்கூட்டி வகுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் குறித்தது. இவ்விரு பொருளும் இணைந்திருப்பது இத்தொடருக்கு ஒரு வலு எனலாம். துல்லியமான கணக்கும் வேண்டும். வருங்காலம் பற்றிய ஏற்பாடும் வேண்டும்.

ஆயினும் இத்தொடரில் ஓர் ஒழுங்கு மறைந்திருக்கின்றது. வரவு முன்னர், செலவு பின்னர். இது குடும்பத்தின் ஒழுங்கு. வருவதை அறிந்து அதற்கு அடங்கச் செலவிடுதல் குடும்பத்துக்கு அறம். அரசின் நடைமுறையோ பெரும்பாலும் இதற்கு மாறானது. பாதுகாப்பு, கடன் வட்டி, சம்பளம், ஓய்வூதியம், கல்வி, சுகாதாரம் என்பவற்றுக்கு எவ்வளவு தேவை என்பது முதலில் மதிப்பிடப்படுகின்றது. பின்னரே அதற்குரிய வருவாய் வரியாலும் கடனாலும் தேடப்படுகின்றது. யாரிடம் எவ்வளவு வரி பெறுவது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் குடும்பத் தலைவருக்கு இல்லை, அரசுக்கு உண்டு. அரசின் நிதியைக் குடும்ப நிதிபோற் கருதி ‘வரவுக்குத் தக்க செலவு’ என்று மேடைகளிற் கூறுவோர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றனர். தொடரின் அமைப்பும் அம்மயக்கத்துக்கு ஓரளவு துணைபோகின்றது என்றே கருதவேண்டியுள்ளது.

வரவுக்கும் செலவுக்கும் இடைப்பட்ட குறையை ஏடுகளிற் ‘பற்றாக்குறை’ என்கிறோம். இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் அதைத் ‘துண்டுவிழும் தொகை’ என்றும் எழுதுகின்றன. இது புலவர் ஆக்கிய கலைச்சொல்லன்று. வழக்கிலிருந்து ஏடேறிய சொல். துணி போதாமல் ஒரு துண்டு குறைவது போன்ற காட்சி அதிலே அடங்கியிருப்பதால், கணக்கியல் கல்லாதவருக்கும் கேட்ட மாத்திரத்தே விளங்கிவிடுகின்றது. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இத்தகைய சொற்களை இன்னும் கூடுதலாக நாடியிருக்கலாம்.

இனிப் ‘பாதீடு’ என்ற சொல்லுக்கு வருவோம். பெரிதும் ஆராயத்தக்கது இதுவே.

இதனைப் புதிதாக ஆக்கிய சொல் எனப் பலரும் கருதுவர். மதிப்பீடு, ஒதுக்கீடு, முதலீடு, குறியீடு என்பவற்றின் வரிசையிலே இது வந்து நிற்பதால் அவ்வாறு தோன்றுதல் இயல்பே. உண்மையில் இது தொல்காப்பியத்திலே காணப்படும் சொல். புறத்திணையியலிலே வெட்சித் திணைக்குரிய பதினான்கு துறைகள் கூறப்படுமிடத்து, தந்துநிறை என்பதற்குப் பின்னரும் உண்டாட்டு, கொடை என்பவற்றுக்கு முன்னரும் பாதீடு என்னும் துறை வருகின்றது. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்துவந்து ஊரிலே நிறுத்தியபின் அதனைத் தம்முட் பகுத்துக்கொள்ளுதலே பாதீடு. புறப்பொருள் வெண்பாமாலை இத்துறையை மேலும் விளக்குகின்றது. அவரவர் செய்த வினையின் தகுதியறிந்து நிரை பகிரப்படுகின்றது. வாளெடுத்துப் பொருதவருக்கு மட்டுமன்றி, ஒற்றறிந்து வந்தவருக்கும் நிமித்தம் பார்த்துச் சொன்னவருக்கும் அங்குப் பங்குண்டு.

சொல்லின் அடி ‘பகு’ என்பது. பகுதி என்பது பாதி என ஆனவாறே பகு என்னும் அடி ‘பா’ எனத் திரிந்து பாது என்ற பெயரைத் தந்தது. பாது என்பது பங்கு. அதனை இடுதல் பாதீடு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வெங்காயமும் மிளகாயும் நடுகின்ற பாத்தியும் இக்குடும்பத்துச் சொல்லே. இறைக்கும் நீர் ஒன்று, பாத்திகள் பல. வாய்க்காலின் வாயிலே மண்ணை வெட்டியும் மறித்தும் பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்பிவிடுபவருக்கு எந்தப் பாத்திக்கு எவ்வளவு போதும் என்பது தெரிந்திருக்க வேண்டும். முதற்பாத்தியிலே நீர் கூடிவிட்டால் கடைசிப் பாத்தி காயும். ஆற்றுநீர்ப் பாசனமில்லாத, கிணற்றை நம்பிய குடாநாட்டுக்குப் பாதீட்டின் கருத்தை விளக்க இதனினும் பொருத்தமான உவமை வேண்டுவதில்லை.

பிழையான பிரிப்பு ஒன்றும் வழக்கிலுண்டு. பாதீடு என்பதைப் பாதி, ஈடு எனப் பிரித்து, ‘பாதியை ஈடுவைத்தல்’ என வேடிக்கையாகப் பொருள்சொல்வாருளர். இலக்கணப்படி பாதியும் ஈடும் சேரின் பாதியீடு என உடம்படுமெய் பெற்றே வரும். ஆதலின் இது பொருந்தாது. ஆயினும் ஒற்றியும் ஈடும் காணி உறுதிகளிலே அன்றாடச் சொற்களாய் வழங்கும் தேசத்திலே இவ்வேடிக்கை பிறந்தது வியப்பன்று. 2022 ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்த ஓர் அரசின் வரவு செலவுக்கு இப்போலிச் சொற்பிறப்பும் ஓரளவு ஒத்தே இருக்கின்றது.

பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு ஆளும்போது இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுதல் வேண்டும். வெட்சிப் பாதீடு நிகழ்ந்து முடிந்த ஒன்றின் பின்னர் நடப்பது. நிரை கையிலே இருக்கின்றது. அதனைப் பகிர்வதே எஞ்சிய வேலை. இக்காலப் பாதீடோ இன்னும் கைக்கு வராத வருவாயை மதிப்பிட்டு முன்கூட்டிப் பகுப்பது. முன்னதிலே பங்கு வினைக்கு ஏற்பக் கிடைத்தது. பின்னதிலே பங்கு தேவைக்கு ஏற்பக் கிடைத்தல் வேண்டும் என்பது கொள்கை. நடைமுறை வேறாக இருக்கலாம். இன்னுமொன்று. ஆநிரையைப் பறிகொடுத்தவர் பாதீட்டுத் துறையிலே எங்கும் தோன்றுவதில்லை. கவர்ந்தவரும் அவருக்குத் துணைநின்றவரும் மட்டுமே அங்குள்ளனர். வரிசெலுத்துவோரே பங்குபெறுவோராகவும் பகுப்பைத் தீர்மானிப்போராகவும் இருத்தல் வேண்டும் என்னும் மக்களாட்சிக் கருத்து அத்துறைக்கு அயலானது. பாதீட்டையடுத்து வருவது உண்டாட்டு என்பதைக் கண்டு நகைப்போரும் உளர். வரவு செலவுத் திட்ட உரை முடிந்ததும் நிதியமைச்சர் பாராளுமன்றத்திலே தேநீர் விருந்தளிக்கும் மரபு தொல்காப்பிய ஒழுங்குக்கு முரணானதன்று.

அவ்வாறாயின் ‘பங்கீடு’ என்ற எளிய சொல்லை ஏன் ஆளவில்லை என்ற வினா எழலாம். அச்சொல் இலங்கையிலே வேறொரு பொருளுக்கு உரிமையாகிவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலந்தொட்டு அரிசியும் மாவும் சீனியும் அளவிட்டு வழங்கப்பட்ட முறைக்குப் பங்கீடு என்றே பெயர். பங்கீட்டு அட்டை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் வரவு செலவுத் திட்ட வரலாறும் இந்த அரிசிப் பங்கீட்டின் வரலாறும் பிரிக்கவியலாதவை. 1953 யூலையிலே நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் நடவடிக்கைகளால் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. தபால், புகையிரதக் கட்டணங்கள் கூடின. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பிலே நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1962இலே அரிசிப் பங்கீட்டைக் குறைக்க முனைந்த நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா, தம் கட்சியினரின் எதிர்ப்பினாலேயே அவ்யோசனையைக் கைவிட்டு நிதியமைச்சிலிருந்து விலகினார். பட்ஜெற் என்பது அறிக்கையன்று, உணவுத் தட்டைத் தொடும் விடயம் என்பதை அத்தலைமுறையினருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு இதனை வேறொரு வகையிலும் அறிந்துகொண்டது. 1970 முதல் 1975 வரை என். எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த காலத்தும் அதனையடுத்த இரண்டாண்டுகளிலும் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. தென்னிலங்கையிலே தட்டுப்பாடாக உணரப்பட்ட அதே கொள்கை குடாநாட்டுத் தோட்டச் செய்கையாளருக்கு வாழ்வளித்தது. 1977 நவம்பரிலே றொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் திறந்த பொருளாதாரத்துக்கு வழிவகுத்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் சந்தைக்கு வரவே இங்குள்ளோர் விலையிழந்தனர். கொழும்பிலே வாசிக்கப்பட்ட உரையின் சில வரிகள் இணுவிலிலும் புன்னாலைக்கட்டுவனிலும் பாத்திகளின் கணக்கை மாற்றிவிட்டன. முதலிற் கூறிய கொள்கையைப் போற்றியும் பின்னதைத் தூற்றியும் எழுதுதல் எளிது. நுகர்வோரின் நலனும் உற்பத்தியாளரின் நலனும் மோதும் இடமே வரவு செலவுத் திட்டம் என்று கொள்ளுதலே பொருத்தமானது.

இவ்விடத்தே சட்ட நிலையையும் சுருங்கக் கூறுதல் தகும். இலங்கைப் பாராளுமன்றத்திலே உண்மையில் நிறைவேறுவது ‘ஒதுக்கீட்டுச் சட்டமூலம்’ ஆகும். நாம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கும் நிதியமைச்சரின் உரை, அச்சட்டமூலத்தின் இரண்டாம் மதிப்பீட்டைத் தொடக்கிவைக்கும் உரையே. அதன்பின் குழுநிலையிலே அமைச்சு அமைச்சாக விவாதம் நடைபெற்று, மூன்றாம் மதிப்பீட்டுடன் அது சட்டமாகின்றது. நிதியாண்டு முன்னர் ஒக்டோபரிலே தொடங்கியது. 1973 முதல் அது நாட்காட்டி ஆண்டோடு ஒத்துச் செல்கின்றது. பொது நிதியின்மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தைப் பாராளுமன்றம் நிராகரிக்குமாயின் அமைச்சரவை கலைந்ததாகும். எனவே பட்ஜெற் என்பதில் மதிப்பீடு, திட்டம், பகுப்பு என்ற மூன்றோடு நான்காவதாக ஒன்றும் அடங்கியுள்ளது. அது இசைவு. மக்களின் பிரதிநிதிகள் இசையாது ஒரு சதமும் செலவிடப்படலாகாது என்பதே பாராளுமன்ற முறையின் வேர். 1864இலே, இராணுவச் செலவு தொடர்பாகத் தம் சொல்லுக்கு மதிப்பில்லாமை கண்டு, இலங்கைச் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் பலர் ஒருங்கே பதவிதுறந்ததும் இக்கருத்தின் பாற்பட்டதே.

இந்த நான்காவது கூறை நம் சொற்களில் எதுவும் காட்டுவதில்லை. தமிழ்நாட்டிலே வழங்கும் ‘நிதிநிலை அறிக்கை’ இவ்வகையில் மிகவும் குறைபாடுடையது. இந்திய அரசியலமைப்பின் 112ஆம் உறுப்புரை பட்ஜெற் என்ற சொல்லை ஆளாது, ஆண்டுக்குரிய நிதிக்கூற்று என்னும் கருத்துடைய தொடரையே ஆள்கின்றது. அதனைத் தழுவியே இவ்வழக்கு அமைந்துள்ளது. ஆயின், நிதிநிலை என்பது ஒரு குறித்த நாளில் உள்ள நிலையை உணர்த்தும். அறிக்கை என்பது கேட்பவரின் இசைவை வேண்டாது அறிவிக்கப்படுவது. கணக்கீடு பயிலும் மாணவர், முடிந்த ஆண்டுக்குத் தயாரிக்கப்படும் நிதிக்கூற்றுக்களோடு இதனை எளிதிலே மயங்குவர். 2021 ஓகஸ்டிலே தமிழ்நாடு அரசு வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை ஒன்றை முதன்முறையாகச் சமர்ப்பித்தது. அதன் உள்ளடக்கம் முற்றிலும் வருங்காலத்தைப் பற்றியது. பெயரோ நிகழ்ந்ததைப் பற்றியது போல் ஒலிக்கின்றது.

கணக்குக்கும் திட்டத்துக்கும் உள்ள இவ்வேறுபாடு நம் கிராமங்களிலும் தெளிவாக இல்லை. சனசமூக நிலையங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களிலே பொருளாளர் கணக்கறிக்கை வாசிப்பார். ஒரு தேங்காய்க்கும் ஒரு கட்டு மெழுகுதிரிக்கும் கூட அங்கே கேள்வி எழும். விவாதம் நள்ளிரவுவரை நீளும். அடுத்த ஆண்டுக்கான ஏற்பாட்டைப் பற்றிப் பேச வரும்போது கதிரைகள் வெறுமையாகியிருக்கும். போனதைக் கணக்குக் கேட்பதிலே காட்டும் ஊக்கத்தை வருவதைப் பகுப்பதிலே நாம் காட்டுவதில்லை. கோயில் நிருவாகம் இதற்கு ஓரளவு விலக்கு. திருவிழாக்களுக்கு உபயகாரரை முன்கூட்டியே வகுத்து, எந்நாட் செலவு எவருடையது என நிலைநிறுத்தும் முறை ஒருவகைப் பாதீடே. அதிலே சாதியும் குடிமையும் புகுந்து எவருக்குப் பங்குண்டு, எவருக்கில்லை எனத் தீர்மானித்தமையும் மறக்கத்தக்கதன்று. பகுப்பு என்றால் அதிகாரம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

உள்ளூராட்சியிலே பாதீடு என்ற சொல்லுக்கு அண்மைக் காலத்தில் உயிரூட்டம் கிடைத்துள்ளது. யாழ்ப்பாணம் 1949இலே மாநகர சபையாக உயர்ந்தது. ஆயின் 1983க்குப் பின்னர் நீண்டகாலம் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இயங்கவில்லை. 1998இலே தேர்தல் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே இரு முதல்வர்கள் கொலையுண்டனர். அடுத்த தேர்தல் 2009இலேயே நிகழ்ந்தது. இவ்விடைவெளிகளிலே ஆணையாளர்கள் நிருவாகம் நடத்தினர். அப்பொழுதும் ஆண்டுதோறும் வரவும் செலவும் மதிப்பிடப்பட்டன. ஆனால் வாக்களிக்கச் சபையில்லை. 2023 மார்ச்சிலே நாடெங்குமுள்ள உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல்வரை நிலவிய நிலையும் இத்தகையதே. வட மாகாண சபையோ 2013இலே தேர்ந்தெடுக்கப்பட்டு 2018 ஒக்டோபரிலே காலாவதியானது. 2025 முடியும்வரை அதற்குத் தேர்தல் நடைபெறவில்லை. அம்மாகாணத்தின் நிதி ஆளுநரின் கீழே பகுக்கப்பட்டு வந்தது. இசைவற்ற பகுப்பைப் பாதீடு என்பதா, அன்றிச் செலவுப் பட்டியல் என்பதா? சொற்பொருளியலாருக்கு இது சிறு வினாவாகத் தோன்றலாம், வரியிறுப்போருக்கு அவ்வாறன்று.

இதற்கு மறுதலையான காட்சி 2020 டிசெம்பரிலே காணப்பட்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, முதல்வர் அல்லது தவிசாளர் சமர்ப்பிக்கும் பாதீடு இரண்டாம் முறையும் தோற்கடிக்கப்படின் அவர் பதவி துறந்தவராகக் கருதப்படுவார். யாழ்ப்பாண மாநகர முதல்வர் இம்மானுவேல் ஆர்னோல்ட் சமர்ப்பித்த 2021ஆம் ஆண்டுக்கான பாதீடு அம்மாதத்திலே இருமுறை தோற்றது. அவர் பதவியிழக்க, மாத இறுதியிலே வி. மணிவண்ணன் முதல்வராகத் தெரிவானார். வாக்கெடுப்பிலே கட்சிப் பகையும் கூட்டணிக் கணக்கும் செயற்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. வடிகாலும் குப்பையும் பற்றிய விவாதம் பின்தள்ளப்பட்டதும் உண்மையே. எனினும் ‘பாதீடு’ என்ற சொல் சந்தியிலும் தேநீர்க்கடையிலும் ஒலித்த மாதம் அது. அதன்பின் அச்சொல்லைக் கடினமானது என்று கூறுவாரைக் காண்பது அரிதாயிற்று.

கடினம் என்னும் முறைப்பாடு புதிதன்று. மானிப்பாயிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முனைந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆக்கிய சொற்களைக் குறித்தும், 1930களிலே சென்னையிலே விபுலாநந்த அடிகள் முதலியோர் மேற்கொண்ட சொல்லாக்கத்தைக் குறித்தும், சுயமொழிக் கல்விக்கென அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளைக் குறித்தும் இம்முறைப்பாடு எழுந்ததுண்டு. சொல்லை வழக்கில் நிலைநிறுத்துவது அதன் எளிமை மட்டுமன்று, அதனைக் கொண்டு செய்யவேண்டிய வேலையும் ஆகும்.

பாதீடு என்பதற்கு இன்னொரு நன்மையுமுண்டு. அது ஒரு சொல்லாதலின் அடையாகவும் தொகையாகவும் எளிதில் இயங்கும். பாதீட்டுக் கட்டுப்பாடு, பாதீட்டு முன்மொழிவு, காசுப் பாதீடு என ஆக்கலாம். ‘வரவு செலவுத் திட்டக் கட்டுப்பாட்டு முறை’ என நீட்டும்போது கருத்து தளர்ந்துபோகின்றது. மறுபுறம், பாதீடு வருவாயைப் பற்றி வாய்திறப்பதில்லை. பணம் எங்கிருந்தோ வந்துவிட்டது, பகிர்வதுதான் எஞ்சியது என்ற எண்ணத்தை ஏற்படுத்தக்கூடும். நேர்வரியா, மறைவரியா என்பது முற்போக்கு நிதிக்கொள்கையின் அடிப்படை வினா. அதனை விவாதிக்கும் இடங்களிலே வரவு செலவுத் திட்டம் என முழுமையாகக் கூறுதலே தகும். நிறுவனங்களுக்கும் சபைகளுக்கும் பாடநூல்களுக்கும் பாதீடு பொருந்தும். இரண்டையும் வேறுபடுத்தி ஆளுதல் மிகையன்று என்பதே எமது கருத்து.

‘பட்ஜெற்’ என்ற வடிவையும் முற்றாகத் துரத்தவேண்டியதில்லை. ‘எங்கட பட்ஜெற்றுக்குள்ளை வராது’ என்று ஒருவர் கூறும்போது அவர் திட்டத்தையோ பகுப்பையோ குறிக்கவில்லை. தமது இயலுமையின் எல்லையைக் குறிக்கின்றார். மலிவான விடுதியையும் பொருளையும் குறிக்க அது அடையாக வருவதும் இதன் நீட்சியே. இப்பொருளுக்குப் பாதீடு என்பதைப் பெய்தால் நகைப்பே விளையும்.

பெயரைவிட அவசரமாகத் திருத்தவேண்டியது ஒன்றுண்டு. மதிப்பீடு, ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவினம் என்ற நான்கையும் செய்தியாளர் ஒன்றெனக் கொண்டு எழுதுகின்றனர். 2025 பெப்ரவரி 17ஆம் திகதி சனாதிபதி அநுர குமார திசாநாயக்க நிதியமைச்சர் என்ற வகையிலே சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபா முன்மொழியப்பட்டது. 1981இலே எரியுண்ட அந்நூலகத்தின் பெயர் அவ்வுரையிலே இடம்பெற்றமை பலரை நெகிழ்வித்தது. ‘வழங்கினார்’, ‘கொடுத்தார்’, ‘கிடைத்தது’ என்ற சொற்கள் அந்நாட்களிலே தாராளமாகப் புழங்கின. முன்மொழிவு பாராளுமன்றத்தின் இசைவைப் பெற்று ஒதுக்கீடாக வேண்டும். ஒதுக்கீட்டைத் திறைசேரி கட்டங்கட்டமாக விடுவிக்க வேண்டும். விடுவித்த காசு கேள்விப்பத்திரம், ஒப்பந்தம் என்பவற்றைக் கடந்து ஆண்டு முடிவதற்குள் செலவினமாக வேண்டும். செலவிடப்படாது எஞ்சியது அவ்வாண்டோடு காலாவதியாகும். போதாது போயின் குறைநிரப்பு மதிப்பீடு கொண்டுவரப்பட வேண்டும். இறுதியிலே கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கை வரும். அது வருவதற்கு முன்னரே அடுத்த ஆண்டின் உரை வாசிக்கப்பட்டுவிடும். ‘கொடுத்தார்’ என்னும் வினைமுற்று இப்படிகள் அனைத்தையும் விழுங்கிவிடுகின்றது. தொல்காப்பிய வரிசையிலே பாதீடு வேறு, கொடை வேறு. இரண்டுக்கும் நடுவே உண்டாட்டு வேறு இருக்கின்றது.